தோட்டத்து வீட்டுக்கு சோலார் கேமரா போதுமா?

உசிலைக்காரன்
அப்பாவும் அம்மாவும் உசிலம்பட்டி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கிணற்று மோட்டார் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எல்லாம் காப்பர். அடுத்து ஆட்டுக் கொட்டத்தில் கை வைப்பார்களோ என்று அம்மா தூங்குவதே இல்லை. வீட்டில் நெட் கிடையாது, கரண்டும் அடிக்கடி போகும். சிம் போட்ட சோலார் கேமரா போதுமா? இல்லை, டிவிஆர் என்கிற பதிவுப் பெட்டி வைத்து நாலு கேமரா மாட்டணுமா?

வில்லாபுரம் டெக்னீஷியன்
தம்பி, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவனை எவ்வளவு தெளிவாகப் படம் பிடித்து என்ன? ஆள் உள்ளே வந்த நிமிஷமே அப்பா எழுந்திருக்கணும். அதற்கு ஏற்பாடு செய்யுங்கள், கேமரா அப்புறம்.

சோலார் கேமரா பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டே இருக்கும். உடம்புச் சூடு அசைவதை பிஐஆர் சென்சார் உணர்ந்தால்தான் விழிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலில் காற்றே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்போது அது மந்தமாகும். ஆடு அசைந்தாலும் அலாரம் அடிக்கும். நாலு ராத்திரி சும்மா அடித்தால் அப்பாவே பிடுங்கிப் போட்டுவிடுவார். அதனால் ஆளையும் மிருகத்தையும் பிரித்துப் பார்க்கும் மாடலாக வாங்குங்கள். கொட்டத்தைப் பார்த்து வைக்காமல், கொட்டத்துக்கு வரும் பாதையைப் பார்த்து வையுங்கள்.

இன்னொன்று, சிலந்தி. கேமரா மேல் வலை கட்டும். லென்ஸ் முன்னால் ஒரே ஒரு நூல் ஆடினாலும், இருட்டில் படம் பிடிக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு அதில் பட்டு இரவில் படம் முழுக்க வெள்ளைப் புகைபோலத் தெரியும். வாரம் ஒரு தடவை துடைப்பத்தால் தட்டிவிடச் சொல்லுங்கள்.

டிவிஆர் வைத்தால், 2 மெகாபிக்சல் கேமரா நாலு ஓடும்போது 1 டிபி ஹார்டு டிஸ்க் ஏறக்குறைய 11 நாள் தாங்கும். பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016இல் மிராய் வைரஸ் கம்பெனி பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களுக்குள்தான் புகுந்தது.

மேலூர்க்காரி
டிவிஆரில் தேதி, மணி சரியாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள் தம்பி. ஏதாவது நடந்தால் வீடியோவை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், சுருங்கிப்போகும். அசல் பதிவை பென் டிரைவில் எடுத்து வையுங்கள். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, அதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்டச் சான்றிதழும் கொடுக்கணும்.

உசிலைக்காரன்
நன்றி அண்ணே, நன்றி அக்கா. அங்கே டவர் ஒரு கோடுதான் காட்டும். வீடியோ வருமா?

வில்லாபுரம் டெக்னீஷியன்
திணறும். அப்படியென்றால் சிம் போட்டால் தானே போன் பண்ணும் ஜிஎஸ்எம் அலாரம் பெட்டி போடுங்கள், போன் அடிக்கக் குறைந்த சிக்னலே போதும். கரண்ட் போனாலும் உள்ளே இருக்கும் பேட்டரி பார்த்துக்கொள்ளும். மோட்டார் ரூம் கதவில் ஒரு சென்சார், கை எட்டாத உயரத்தில் சைரன். முதல் நம்பராகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் நம்பரைப் போடுங்கள், உங்கள் நம்பர் இரண்டாவதாக இருக்கட்டும். திருப்பூரிலிருந்து நீங்கள் கிளம்பி வருவதற்குள் அவர்தான் டார்ச்சோடு ஓடி வருவார்.