பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

காசிமேடு அம்மா:
ஒன்றரை வயது மகன். வயிற்றுப்போக்கு, காய்ச்சல். சேர்த்த உடனே கையில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றப் போடும் குழாய்); காலை ஒன்று, இரவு ஒன்று என்று செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி. மூன்றாம் நாள் மருந்து வண்டி உருளும் சத்தம் கேட்டதுமே, கட்டுப் போட்ட கையை என் முந்தானைக்குள் நுழைத்துக்கொண்டான். அழவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். மலத்தில் ரத்தம் இல்லை, பரிசோதனைக்கும் எடுக்கவில்லை. எதற்கு இந்த ஊசி என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை என்று ஒன்று இருப்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

கொருக்குப்பேட்டை அப்பா:
எங்களுக்கு எடையில் வந்தது வினை. தராசில் நிறுத்தாமல் பார்வையிலேயே 14 கிலோ என்று எழுதிவிட்டார்கள். மகள் பத்தரைக் கிலோ. பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றுதான் கணக்கு. நான் சொன்னதும் செவிலியர் அம்மா ஊசிக்குழலில் இழுத்த மருந்தை அப்படியே கீழே வைத்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

வியாசர்பாடி சித்தி:
காசிமேடு சகோதரி, அந்த ஊசியைப் பழிக்காதீர்கள். நிமோனியாவில் விலா உள்வாங்கிக் கிடந்த எங்கள் அக்கா மகளை அதுதான் பிழைக்க வைத்தது. ஆனால் எல்லா வயிற்றுப்போக்குக்கும் அது எதற்கு? பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். அதன்மேல் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. உலக சுகாதார நிறுவனம் செஃப்ட்ரியாக்சோனைக் கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய வகையில் வைத்திருக்கிறது. வயிற்றுப்போக்கென்றால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல், கூடவே துத்தநாகம்: ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். வயிற்றுப்போக்கு நின்றாலும் துத்தநாகத்தை நிறுத்தக் கூடாது. என்ன மருந்து, எதற்கு, எத்தனை நாள், வாய்வழி மருந்துக்கு எப்போது மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தையும் சிரப்பையும் குழப்பாதீர்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம்; சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 125தான்.

காசிமேடு அம்மா:
ஊசியை நான் பழிக்கவில்லை சகோதரி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பார்த்தேன். நோய் என்ற இடத்தில் வயிற்றுப்போக்கு என்று மட்டும் இருக்கிறது. ஊசி ஐந்து நாள். ஏன் என்று எங்கேயும் எழுதவில்லை.