புறநானூறு இரண்டாம் பகுதி யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஞாயிறு மாலைகளில் சிலர் கூடிப் புறநானூறு வாசிக்கிறோம், பெரும்பாலும் வயதானவர்கள். பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. பொங்கலிலிருந்து நாங்களும் அங்கேயே நிற்கிறோம். சில பாட்டுகள் தள்ளி ஒக்கூர் மாசாத்தியாரின் 279 வருகிறது: நேற்றுப் போரில் கணவனை இழந்தவள் இன்று ஒரே மகன் கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். இதை உரையில்லாமல் கடக்க மனம் வரவில்லை.

தேவை ஔவை துரைசாமிப் பிள்ளை உரையின் இரண்டாம் பகுதி, பாட்டு 201–400, சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடு. பக்கத்து நூலகத்தில் முதல் பகுதிதான் உண்டு. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளிலும் கேட்டாயிற்று. போனில் பிடிஎஃப் இருக்கிறது, ஆனால் பெரியவர்களுக்கு அந்த எழுத்து தெரியவில்லை.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் அச்சுப் பிரதி இரவலாகவோ விலைக்கோ எங்கே கிடைக்கும்?