இடைவட்டு, அமர்வட்டு: மிட்ரேஞ்ச், அப்ரோச் டிஸ்க்குகளுக்குச் சொல்

குழுமத்தாருக்கு வணக்கம்.

டிஸ்க் கோல்ஃப் என்பது டிஸ்க்கை வீசி, தொலைவில் நிற்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம். அதில் மிட்ரேஞ்ச் (இடைப்பட்ட வீச்சுக்கானது), அப்ரோச் (கூடையை நெருங்க வீசுவது) என்ற இரு வகை டிஸ்க்குகளுக்குச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். வந்திருக்கும் பரிந்துரைகள் பெரும்பாலும் தூரத்தை வைத்தே பிறந்திருக்கின்றன: நடுத்தூர வட்டு, குறுந்தூர வட்டு, கிட்டெறி, அண்மை வட்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு தூரத்தில் இல்லை, பறந்து முடிக்கும் விதத்தில் இருக்கிறது. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்.

> டிஸ்க்கைத் 'தட்டு' என்றாலே போதுமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும். ஆனால் ஈட்டியெறிதல், குண்டெறிதலோடு வட்டெறிதல் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். இலங்கையில் அதே விளையாட்டைப் பரிதிவட்டம் என்பார்கள், அதிலும் வட்டம் இருக்கிறது. எறியும் பொருளுக்கு 'வட்டு' ஏற்கெனவே கையில் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டிடம் போக வேண்டியதில்லை. 'வளரி' என்ற பரிந்துரையின் பின்னால் உள்ள ஆசை புரிகிறது. ஆனால் வளரி வேட்டையிலும் போரிலும் வீசிய வளைந்த கருவி. அந்தப் பெயர் அதற்கே இருக்கட்டும்.

ஆட்டத்துக்கே 'வட்டுக் குழிப்பந்து' என்ற பெயரையும் ஒருவர் எழுதியிருந்தார். அங்கே குழியும் இல்லை, பந்தும் இல்லை. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் முதல் நிலையான மைதானத்தை அமைத்தபோது இலக்காக நின்றவை வெறும் கம்பங்கள். சங்கிலி தொங்கும் கூடையை அவர் பிறகு வடிவமைத்தார், இன்று உலகம் முழுவதும் அந்தக் கூடைதான் இலக்கு. ஆகவே 'கூடைவட்டாட்டம்' என்பது என் விருப்பம். அதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது.

> மிட்ரேஞ்ச், பட்டர், டிரைவர் என்று ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம். புதிய சொல் எதற்கு?

பேசும்போது யாரும் தடுக்கப்போவதில்லை. எழுதிப் பாருங்கள். கூடைக்குள் போடும் வட்டைப் 'பட்டர்' என்று எழுதினால் வெண்ணெய், அல்லது கோயில் பட்டர். தொலைவுக்கு வீசும் வட்டை 'டிரைவர்' என்றால் வண்டி ஓட்டுபவர். 'புதியவர்கள் டிரைவரைத் தவிர்த்துப் பட்டரோடு தொடங்குவது நல்லது' என்று ஒரு கட்டுரையில் வந்தால், இந்த ஆட்டத்தைப் பார்த்திராத வாசகருக்கு அது எப்படிப் புரியும்?

சரி, இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

வட்டு தயாரிக்கும் இன்னோவா நிறுவனம் தன் ஒவ்வொரு வட்டுக்கும் நான்கு எண்கள் தருகிறது. ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். வேறு பல நிறுவனங்களும் அதே முறையைப் பின்பற்றுகின்றன. வலக்கைக்காரர் புறங்கையாக வீசும்போது வட்டு மேலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுழலும். வேகம் மிகுந்திருக்கும் தொடக்கத்தில் காற்று அதன் மூக்கை, அதாவது முன்விளிம்பை, கீழே அழுத்தப் பார்க்கிறது. சுழலும் பொருளானதால் அந்த அழுத்தம் மூக்கைத் தாழ்த்தாமல் வட்டை வலப்பக்கம் சாய்க்கிறது. வேகம் தணிந்ததும் காற்றின் தூக்குவிசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து மூக்கை உயர்த்தப் பார்க்கும், வட்டு இடப்பக்கம் சாயும். முதலாவது டர்ன், இரண்டாவது ஃபேட். இடக்கைக்காரருக்கு இரண்டுமே திசை மாறும்.

ஃபேட் என்பதற்கு 'மங்கல்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். அகராதியில் அப்படி இருக்கலாம், காற்றில் எதுவும் மங்குவதில்லை. 'வலச்சாய்வு, இடச்சாய்வு' என்பதை இடக்கைக்காரர்கள் ஏற்க முடியாது. 'முன்சாய்வு, பின்சாய்வு' என்றால் மூக்கு தாழ்வதும் உயர்வதும் என்று படிக்க இடமுண்டு, இந்த ஆட்டத்தில் அது முற்றிலும் வேறு சங்கதி. 'முதற்சாய்வு', 'கடைச்சாய்வு' என்பவற்றை முன்வைக்கிறேன். எப்போது நடக்கிறது என்பதை மட்டும் சொல்கின்றன, எந்தக் கைக்கும் பொருந்துகின்றன. மற்ற இரண்டும் எளிது: வேகம், மிதப்பு.

இப்போது டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் இரண்டு வட்டுகளை எடுத்துக்கொள்வோம். பஸ் (Buzzz), உலகில் மிகப் பரவலாக வீசப்படும் மிட்ரேஞ்சுகளில் ஒன்று: வேகம் 5, மிதப்பு 4, முதற்சாய்வு -1, கடைச்சாய்வு 1. சோன், பலர் பையிலும் இருக்கும் அப்ரோச் வட்டு: 4, 3, 0, 3. வேகத்தில் ஒன்றுதான் குறைவு. கடைசி எண்ணில்தான் பெரிய இடைவெளி. பஸ் வீசிய கோணத்தை விடாமல் நேராகப் போய், மிதந்து, கடைசியில் கொஞ்சம் சாய்ந்து இறங்கும். சோன் அதிகம் மிதக்காது, எதிர்காற்றில் புரண்டு போகாது, வேகம் தணிந்ததும் உறுதியாக ஒரு பக்கம் சாய்ந்து தரையைத் தேடும். கூடைக்கு அருகே அடிக்கும்போது ஆட்டக்காரருக்கு வேண்டியது இந்த உறுதிதான். கூடையைத் தாண்டி மிதந்து போய்விடாத வட்டு. சாந்தா குரூஸின் டிலாவீகா போன்ற மேடும் பள்ளமுமான மைதானத்தில் கூடையைத் தாண்டிப் போன வட்டு எந்தச் சரிவில் உருளும் என்று சொல்ல முடியாது.

அதனால் அப்ரோச் வட்டுக்கு நான் பரிந்துரைப்பது 'அமர்வட்டு'. பறவை வந்து அமர்வது போல விழுந்த இடத்தில் நிற்கும் வட்டு. 'அணுகுவட்டு' என்பது ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கம், ஆனால் கூடையை எந்த வட்டாலும் அணுகலாம். பஸ்ஸாலும் அணுகுகிறார்கள், கூடைக்குள் போடும் வட்டாலும் அணுகுகிறார்கள். வாங்குபவருக்கு 'அணுகு' எதையும் சொல்லித்தரவில்லை, 'அமர்' சொல்லித்தருகிறது.

> ஸ்வீடனின் காஸ்டாபிளாஸ்ட் நிறுவனத்தின் பெர்க் போன்ற வட்டுகளுக்குக் கடைச்சாய்வு அவ்வளவு இல்லையே, அதையும் அப்ரோச் என்கிறார்களே?

இந்தக் கேள்விதான் எனக்கு 'அமர்வட்டு' மீது நம்பிக்கை தந்தது. பெர்க்கின் எண்கள் 1, 1, 0, 2. சோன் சாய்வால் நிற்கிறது, பெர்க் மிதக்காமலே நிற்கிறது. வழி வேறு, முடிவு ஒன்று. 'சாய்வட்டு' என்று வைத்திருந்தால் பெர்க் வெளியே போயிருக்கும். கெட்டித் தரையில், தாழ்வாகவும் வேகமாகவும் வீசினால், சோன் போன்றவை தத்தித் தாவும் என்பதும் உண்மை. அமர்வட்டு அமர வேண்டுமானால் மெதுவாக, கொஞ்சம் உயரத்தில் விட வேண்டும்.

மிட்ரேஞ்சுக்கு 'இடைவட்டு'. தூரத்தை மறுத்துவிட்டு 'இடை' சொல்கிறேனே என்று கேட்பீர்கள். செய்தித்தாள்களில் நடுத்தர தூர ஏவுகணை என்று எழுதுகிறார்கள், அங்கே தூரம் ஏவுகணையின் இயல்பு. இங்கே தூரம் வீசும் கையைப் பொறுத்தது. தேர்ந்தவர் ஒரு பஸ்ஸை 300 அடிக்கு மேல் அனுப்புவார். புதியவர் எந்த டிரைவராலும் அதை எட்டமாட்டார். இடைவட்டில் 'இடை' குறிப்பது வடிவத்தை: விளிம்பின் அகலம் நெடுவட்டுக்கும் (டிரைவர்) கூடைவட்டுக்கும் (பட்டர்) இடையில் இருக்கும். பட்டருக்கு 'இடுவட்டு' என்ற பரிந்துரை இலக்கணப்படி அழகானது. ஆனால் மைதானத்தில் 'இடைவட்டை எடு', 'இடுவட்டை எடு' என்று தூரத்திலிருந்து கத்தினால் காதில் ஒன்றாகவே விழும்.

'நேர்வட்டு' என்றும் யோசித்தேன். பஸ்ஸுக்கும், எண்கள் 5, 5, 0, 0 உள்ள மாக்கோ3 வட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் 1987 முதல் வரும் இன்னோவாவின் ராக் இருக்கிறது: 4, 4, 0, 3. கடைச்சாய்வு சோன் அளவுக்கு இருந்தும் அதை மிட்ரேஞ்ச் என்கிறார்கள், ஏனென்றால் மிதப்பு 4. அது பறக்க விரும்புகிற வட்டு. மலிவான பிளாஸ்டிக்கில் வாங்கிய ராக் மரத்தில் மோதி மோதி விளிம்பு தேய்ந்து நாளடைவில் நேராகவே பறக்கும். தேய்ந்தால் குணம் மாறும் வட்டுக்கு 'நேர்' என்று குடும்பப்பெயர் வைக்க முடியாது. இடைவட்டு குடும்பத்தின் பெயர், 'நேரான இடைவட்டு' அதில் ஒரு வகை. இப்படி வைத்துக்கொண்டால் ராக் வெளியே தள்ளப்படாது.

'அமர்' என்றால் போர் என்ற பழைய பொருளைச் சிலர் நினைவூட்டக்கூடும். அமர்ந்த, அமர்கிற, அமரும் வட்டு என்று வினைத்தொகையாகவே வாசகர் பிரிப்பார். ஊறுகாயை யாரும் வேறுவிதமாகப் பிரிப்பதில்லை.

இந்தச் சொற்களை வைத்து ஒரு புதியவருக்குக் கடையில் என்ன சொல்வேன் என்று எழுதிப் பார்த்தேன், சொற்கள் தாங்குகின்றனவா என்று அறிய: முதலில் நேரான இடைவட்டு ஒன்று வாங்குங்கள். கடைச்சாய்வு 0 அல்லது 1 இருக்கட்டும், வீச்சில் உள்ள பிழையை அது மறைக்காமல் காட்டிவிடும். விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமுக்கு மேல் கூடாது என்பது விதி, எனவே 21.7 செ.மீ. இடைவட்டு 180 கிராம் வரை கிடைக்கும். கையில் வேகம் குறைவென்றால் 160களில் பாருங்கள். அமர்வட்டை அப்புறம் வாங்கலாம், நூறு அடிக்குள் கூடையைத் தாண்டித் தாண்டிப் போகிறது என்று உணரும்போது. அப்போது கடைச்சாய்வு 3 உள்ளதா, மிதப்பு 1 உள்ளதா என்பதை உங்கள் மைதானத்தின் காற்று தீர்மானிக்கட்டும். திறந்த வெளி என்றால் முதலாவது, மரக்காடு என்றால் இரண்டாவது.

எனக்குத் தடங்கல் இல்லாமல் எழுத முடிந்தது. ஒரே ஒரு இடம் மீதி. ஓவர்ஸ்டேபிள், அண்டர்ஸ்டேபிள் இரண்டுக்கும் 'மிகைநிலை, குறைநிலை' என்று இழையில் வந்திருப்பது எனக்கு நிறைவாக இல்லை. நிலைத்திருப்பது நல்லது என்று தோன்றவைத்து, ஓவர்ஸ்டேபிள் வட்டைப் புதியவர் தலையில் கட்டிவிடும். இப்போதைக்குக் 'கடைச்சாய்வு மிகுந்த', 'முதற்சாய்வு மிகுந்த' என்று விரித்தே எழுதுகிறேன். குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் இங்கே இடுங்கள். குறிப்பாக இடக்கையால் வீசுபவர்கள், உங்கள் கைக்கும் அது சரிப்படுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.