நிகான் டி7200 செட்டை எங்கே விற்கலாம்? சென்னை

நிழல்விரும்பி:
மிரர்லெஸ் கேமராவுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை) மாறுகிறேன். டி7200 பாடி, 18-140 கிட் லென்ஸ், 50மிமீ 1.8ஜி, பழைய 80-200 2.8டி லென்ஸ்கள், எஸ்பி-700 ஃப்ளாஷ் விற்க வேண்டும். பில்லும் பெட்டியும் பாடிக்கு மட்டும்தான் உண்டு. ஓஎல்எக்ஸா, ஃபேஸ்புக் குழுவா, கடையா? மொத்தமாகக் கொடுப்பதா, பிரித்து விற்பதா?

கறுப்புவெள்ளை:
பிரித்து விற்பதுதான் சரி. பாடியையும் 18-140ஐயும் ஒன்றாகப் போடுங்கள், புதிதாகக் கற்பவர்கள் அப்படித்தான் தேடுவார்கள். டி7200 போன்ற டிஎஸ்எல்ஆர் (கண்ணாடி வைத்த பழைய வகை) பாடி விலை இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் முதலில் இது போகட்டும். அவசரம் என்றால் கடை, இல்லையென்றால் ஓஎல்எக்ஸ். சுத்தம் செய்யும் செலவு, கேரண்டி, லாபம் எல்லாம் கழித்துத்தான் கடைக்காரர் விலை சொல்வார். அது நியாயம்தான், ஆனால் ஒரே கடையோடு நிற்காதீர்கள்.

50மிமீ ஜி எங்கே போட்டாலும் போகும். எஃப்டிஇசட் அடாப்டர் (பழைய நிகான் லென்ஸை மாட்டும் இணைப்பு) போட்டால் நிகானின் இசட் மிரர்லெஸ் கேமராவிலும் ஆட்டோஃபோகஸ் ஆகும்.

80-200 அப்படியல்ல. அதில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, பாடியில் உள்ள மோட்டார்தான் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசையிலும் எஃப்டிஇசட்டிலும் ஆட்டோஃபோகஸ் வராது. டி7000 வரிசை, டி500, டி750, டி850 வைத்திருப்பவர்கள்தான் வாங்குவார்கள், அவர்கள் இருப்பது போட்டோகிராஃபி குழுக்களில். எந்தெந்த பாடியில் வேலை செய்யும் என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள். ஏ/எம் வளையத்தை (ஆட்டோ, மேனுவல் ஃபோகஸ் மாற்றுவது) கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், இந்த லென்ஸில் அதுதான் விரிசல் விடும். வாங்க வருபவர் மாட்டிப் பார்க்கும்முன் அப்பர்ச்சர் (ஒளித்துளை) வளையத்தை எஃப்22ல் வைத்துப் பூட்டிக் கொடுங்கள். இல்லையென்றால் திரையில் fEE என்று வரும், லென்ஸ் பழுது என்று நினைத்துப் போய்விடுவார்.

சால்ட்லேக்:
விலை வைக்கும்போது ஓஎல்எக்ஸ் விளம்பரங்களை நம்பாதீர்கள், அது விற்பவர்கள் கேட்கும் விலை மட்டுமே. பழைய கேமரா கடைகள் போடும் விற்பனை விலையைப் பாருங்கள், அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

ஷட்டர் கவுன்ட்டை (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கை) நீங்களே சொல்லிவிடுங்கள். கேமராவிலிருந்து நேரே வந்த, எடிட் செய்யாத ஜேபெக்கை எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் திறந்தால் தெரியும். டி7200 ஷட்டரை 1,50,000 முறை வரை சோதித்ததாக நிகான் சொல்கிறது. செட்அப் மெனுவில் பேட்டரி இன்ஃபோவும் இருக்கிறது: 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்ற வேண்டியது. அதே மெனுவில் காப்பிரைட் பகுதியில் உங்கள் பெயர் இருந்தால் அழித்துவிடுங்கள்.

பணம் விஷயத்தில் மட்டும் கவனம். பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடுங்கள் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துப் பொருளைக் கொடுக்காதீர்கள், பேங்க் ஆப்பில் பேலன்ஸ் ஏறிய பிறகு கொடுங்கள்.

நிழல்விரும்பி:
நன்றி. 80-200க்குள் டார்ச் அடித்தால் ஓரத்தில் நூல்நூலாகத் தெரிகிறது. சுத்தம் செய்துவிட்டு விற்பதா?

கறுப்புவெள்ளை:
ஃபங்கஸாக (பூஞ்சை) இருக்கலாம். அப்பர்ச்சர் வளையத்தை 2.8க்குத் திருப்பி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். முன்கண்ணாடிப் பக்கம் என்றால் சுத்தம் செய்வது எளிது, செய்துவிட்டு விற்கலாம். நடுக் கண்ணாடிகளில் என்றால் மொத்தமும் பிரிக்க வேண்டும், கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. கோட்டிங்கை அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது. இந்த இரண்டில் எதுவானாலும் டார்ச் படத்தையே விளம்பரத்தில் போட்டு, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். அதுவரை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.