புதுப்பிப்பு: வயிற்றுச் சுவரில் சிக்கிய நரம்பு, ஊசிக்குப் பிறகு

வலப்பக்க வயிற்றில் விரல்நுனி அளவு இடத்தில் 2 வருடமாக வலி, ஆனால் ஸ்கேன், எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது கார்னெட் சோதனை யோசனைதான். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை அழுத்திக்கொண்டே தலையைத் தூக்க வேண்டும். வலி கூடினால் காரணம் பெரும்பாலும் உள்ளுறுப்பு அல்ல, வயிற்றுச் சுவர். எனக்குக் கூடியது.

வலி சிகிச்சை மருத்துவர் அல்ட்ராசவுண்டில் பார்த்து, நரம்பு தசையைத் துளைத்து வரும் இடத்தில் லிடோகெய்ன் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) ஊசி போட்டார். 10 நிமிடத்தில் வலி போய்விட்டது. நரம்புதான் காரணம் என்பதும் அதில் தெளிவானது.

எதிர்பாராதது: மரப்பு விட்டதும் அன்றிரவு வலி முன்பைவிடக் கடுமையாகத் திரும்பியது. பயந்துவிட்டேன். 2 நாளில் தணிந்தது. அப்புறம் ஸ்டீராய்டு சேர்த்து இன்னொரு ஊசி. இப்போது 4 மாதமாக வலி இல்லை.