1920களின் பெர்லின் தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பொற்காலமா?

இளவழுதி:
தன்பாலீர்ப்பாளர்கள் வெளியே தலைகாட்டியதே 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுவிடுதியில் போலீசோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான் என்று இங்கே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பெர்லினை எப்படி மறந்தீர்கள்? 1897இலேயே அங்கே மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் குழு அமைத்து, ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கச் சொல்லிக் கையெழுத்து திரட்டினார். ஐன்ஸ்டைனும் எழுத்தாளர் தாமஸ் மன்னும் அதில் கையெழுத்திட்டார்கள். 1919இல் அவருடைய பாலியல் ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு முதல் ஆண்களுக்கான வார இதழ் பெட்டிக்கடைகளில் தொங்கியது. 1924இல் பெண்களுக்கும் ஓர் இதழ் வந்தது. நடன அரங்குகள், சங்கங்கள் எல்லாம் இருந்தன. இது பொற்காலம் இல்லையென்றால் வேறு எது?

கயல்விழி:
இளவழுதி அவர்களே, நீங்கள் சொன்ன அத்தனையும் நடந்தபோது 175ஆம் பிரிவும் உயிரோடுதான் இருந்தது. பெர்லின் போலீஸ் 1885இலேயே தன்பாலீர்ப்பாளர்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு வைத்தது. அவர்கள் கூடும் மதுவிடுதிகளை மூடுவதைவிடத் திறந்தபடி விட்டுக் கண்காணிப்பது போலீசுக்கு வசதியாக இருந்தது. கண்டும் காணாமல் இருப்பது உரிமை ஆகாது. இந்தச் சட்டத்தைக் காட்டி மிரட்டியே பணம் பறித்தவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். 1932 ஜூலையில் ஜெர்மன் சான்சலர் பாப்பன், பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநிலத்தின் அரசைக் கலைத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் புதிய போலீஸ் தலைவர் ஒருபாலினத்தவர் சேர்ந்து ஆடும் நடனங்களுக்குத் தடை போட்டார். ஹிட்லர் அப்போது பதவிக்கே வரவில்லை.

இளவழுதி:
அப்படியானால் 1929 அக்டோபரை எங்கே வைப்பீர்கள்? நாடாளுமன்றத்தின் தண்டனைச் சட்டக் குழு 175ஆம் பிரிவைக் கைவிடலாம் என்று வாக்களித்தது. அது போலீசின் தயவால் நடந்ததா? முப்பது ஆண்டுகள் மனுப் போட்டதன் பலன். பிறகு வந்த அரசியல் குழப்பத்தில் அது அவையைக் கடக்கவில்லை. அதற்காக உழைத்தவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

கயல்விழி:
அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழு ஒப்புக்கொண்ட இன்னொரு பிரிவைச் சொல்லாமல் விட்டீர்களே. பணத்துக்காக உடலை விற்ற ஆண்களுக்கும், 21 வயதுக்குக் குறைந்த இளைஞனோடு உறவு வைத்தவர்களுக்கும் கடுமையான தண்டனை. தெருவில் நின்ற ஏழைப் பையன்களைக் கைவிட்டுத்தான் மரியாதைப்பட்டவர்களுக்கு விடுதலை கேட்கப்பட்டது. ஹிர்ஷ்ஃபெல்டின் குழுவே இந்தக் கேள்வியில் பிளந்தது.

முத்துவேல்:
இருவரும் சட்டத்தையே சுற்றுகிறீர்கள். 175ஆம் பிரிவு பெண்களைத் தொடவே இல்லை. ஆனாலும் 1933இல் பெண்களின் இதழும் நின்றது, அவர்களுடைய விடுதிகளும் மூடப்பட்டன. சட்டம் மட்டும் அன்றே நீங்கியிருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று கயல்விழி அக்கா நம்புகிறாரா?

கயல்விழி:
தம்பி, நல்ல கேள்வி. பெண்கள் தப்பவில்லை, உண்மைதான். ஆனால் சட்டம் இருந்ததால் ஆண்களுக்கு நடந்ததைப் பாருங்கள். 1933 மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. நான்கு நாளில் அதன் நூல்கள் தீயில் எரிந்தன. 1935இல் நாஜிகள் 175ஆம் பிரிவைக் கடுமையாக்கினார்கள். புதுச் சட்டம் தேவைப்படவில்லை, கையில் இருந்ததை இறுக்கினாலே போதுமாக இருந்தது. போர் முடிந்த பிறகும் மேற்கு ஜெர்மனி அந்த நாஜி வடிவத்தை 1969 வரை அப்படியே வைத்துக்கொண்டு சுமார் 50,000 பேரைத் தண்டித்தது. முழுமையாக நீங்கியது 1994இல்.

இளவழுதி:
அந்த 1994இன் வேர் 1897இல்தான் இருக்கிறது என்கிறேன். சட்டம் முந்தியா, மக்கள் கூடியது முந்தியா? கூடியதுதான் முந்தி. நாஜிகள் விடுதிகளை மூடினார்கள், ஆட்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அப்படியும் இன்றைக்குப் பெர்லினில் தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் கூடுவது அதே ஷோனபெர்க் பகுதியில், அந்தக் காலத்து எல்டொராடோ விடுதி இருந்த மோட்ஸ் தெருவைச் சுற்றித்தான். அந்த இடத்தை அவர்களுக்குப் பெற்றுக் கொடுத்தது எந்தச் சட்டத் திருத்தமும் அல்ல.