கசடு வாரியதும் இன்ஃப்ராரெட் கன் சூட்டைக் குறைத்துக் காட்டுகிறது. ஏன்?

வார்ப்படக்காரன்:
வணக்கம். கோவையில் சின்ன ஃபவுண்டரி. இண்டக்‌ஷன் ஃபர்னஸில் கிரே அயர்ன் உருக்கி பம்ப் கேசிங் வார்க்கிறோம். உருகிய இரும்பில் முக்கிச் சூடு அளக்கும் டிப் தெர்மோகப்பிளின் முனைச் செலவைக் குறைக்க, தொடாமலே அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று வாங்கினோம். 1600 டிகிரி வரை அளக்கும் என்று போட்டிருக்கிறது. டிப் 1400 காட்டும்போது, மேலே மிதக்கும் கசடைப் பார்த்து கன்னைப் பிடித்தால் 1100 பக்கம் வருகிறது. கசடை வாரிவிட்டுச் சுத்தமான மெட்டலைப் பார்த்தால் 700தான்! அடியில் இருப்பதுதானே அதிகச் சூடு? கன் பழுதா?

தீக்கண்:
கன்மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அலைநீளம் என்ன போட்டிருக்கிறது? எமிசிவிட்டி (பரப்பு கதிர்வீச்சை வெளிவிடும் திறன்) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

வார்ப்படக்காரன்:
8–14 மைக்ரான் சார். எமிசிவிட்டி 0.95, வாங்கியபோது இருந்த அதே செட்டிங்.

தீக்கண்:
அப்படியென்றால் கன் பழுதில்லை, இந்த வேலைக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். சுத்தமான உருகிய இரும்பு பளபளப்பானது. அது வெளிவிடும் கதிர்வீச்சு குறைவு, நீண்ட அலைநீளத்தில் இன்னும் குறைவு. கசடு ஆக்சைடு என்பதால் நன்றாகவே வெளிவிடும். அதனால்தான் சூடு குறைந்த கசடு அதிகமாகவும், சூடான மெட்டல் குறைவாகவும் தெரிகிறது.

எமிசிவிட்டியை இறக்கி டிப்போடு பொருத்திவிடலாமே என்று தோன்றும். ஆனால் மேலே படியும் ஆக்சைடு படலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். 1400 டிகிரியில் எமிசிவிட்டி 10 சதவீதம் பிசகினால் 10 மைக்ரானில் 100 டிகிரிக்கு மேல் தவறும். அதே பிசகு 1 மைக்ரானில் சுமார் 20 டிகிரிதான். உருகிய உலோகத்துக்குக் குறுகிய அலைநீளம் என்று சொல்வது இதனால்தான்.

உலைமேடை:
தீக்கண் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முடிந்தால் இரு வண்ண பைரோமீட்டர் (தொடாமல் சூடு அளக்கும் கருவி) பாருங்கள். இரண்டு அலைநீளத்தின் விகிதத்தை வைத்து அது கணக்கிடும். புகையோ லென்ஸ் தூசோ இரண்டு அலைநீளத்தையும் ஒரே அளவில் மறைத்தால் விகிதம் மாறாது. ஊற்றும் ஓடை மெல்லியதாகி, பார்வை வட்டத்தின் ஒரு பகுதியில் மட்டும் விழுந்தாலும் சமாளிக்கும். ஆனால் இரண்டு அலைநீளத்திலும் எமிசிவிட்டி ஒரே மாதிரி இருக்க வேண்டும். இரும்பில் அது முழுக்க அப்படி இருக்காது. அதற்கான திருத்தத்தை டிப்போடு ஒப்பிட்டுத்தான் செட் செய்ய வேண்டும்.

அளக்கும் இடமும் முக்கியம். ஃபர்னஸ் வாயை விடுங்கள், லேடிலிலிருந்து (ஊற்றும் வாளி) விழும் ஓடையைப் பாருங்கள். அங்கே புது மெட்டல் வந்துகொண்டே இருக்கும், படலம் சேர நேரமில்லை. இடையில் கசடு வந்தால் அளவு குதிக்கும்.

வார்ப்படக்காரன்:
இப்போது புரிகிறது, ரொம்ப நன்றி. ஓடைக்குப் பக்கத்தில் நிரந்தரமாக மாட்டினால் கருவி தாங்குமா? அங்கே நிற்கவே முடியாது.

உலைமேடை:
எலக்ட்ரானிக்ஸ் உள்ளே இருக்கும் தலை தாங்காது. பெரும்பாலானவை 60, 70 டிகிரி சுற்றுப்புறச் சூட்டோடு சரி. ஃபைபர் ஆப்டிக் வகை கேளுங்கள். சூட்டுப் பக்கம் லென்ஸும் கண்ணாடி இழையும் மட்டும் இருக்கும், எலக்ட்ரானிக்ஸ் பெட்டியைத் தூரத்தில் வைத்துவிடலாம். லென்ஸ் முன்னால் காற்று ஊதும் பர்ஜ் கட்டாயம். காற்றில் எண்ணெயும் ஈரமும் இருக்கக்கூடாது. கம்ப்ரசர் லைனில் ஃபில்டர் போடாவிட்டால் ஊதுகிற காற்றே லென்ஸை அழுக்காக்கிவிடும்.

தீக்கண்:
டிப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள் தம்பி. காலையில் முதல் ஹீட்டுக்கு (ஒரு தடவை உருக்குவது) ஒருமுறை, ஃபர்னஸின் உள் லைனிங் மாற்றிய பிறகு ஒருமுறை போட்டு ஒப்பிடுங்கள். வாங்கும் முன் டெமோ கேளுங்கள். உங்கள் ஓடையிலேயே, உங்கள் டிப்போடு வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வார்ப்படக்காரன்:
சரி அண்ணா, டெமோவுக்கே கேட்கிறேன். அளவுகள் வந்ததும் இங்கே போடுகிறேன்.